டீச்சரிடம் கேளுங்கள்: பிள்ளை யார் கையில்?

அன்புள்ள டீச்சருக்கு, எனக்கு வயது 30. நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். மூத்தவன் தரம் 3 படிக்கிறான். சின்னவளுக்கு இரண்டு வயது. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். மாமி மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். நான் தோட்டத்து முன்பள்ளியில் காலை 8 மணியிலிருந்து 12 மணி வரை படிப்பிக்கிறேன். அதுவரை சின்னவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) இருப்பாள், வரும்போது கூட்டிவருவேன். போன வருடம் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். இந்த வருடம் 24 கிரெடிட்டுக்குப் பதிந்திருக்கிறேன். ஒப்படைகள் குவிந்து கிடக்கின்றன. இரவு பத்தரைக்குப் புத்தகத்தைத் திறந்தால் அதன் மேலேயே தூங்கிவிடுகிறேன். யூடியூபில் பார்த்து ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன், ஒரு கிழமைகூட நிற்கவில்லை. "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற" என்று மாமி கேட்கிறார். வீடு, பிள்ளைகள், படிப்பு மூன்றையும் எப்படி ஒழுங்காகக் கொண்டுபோவது?
– வாசகி, நோர்வூட்

தங்கச்சி, அந்த அட்டவணையை எடுத்து அடுப்பில் போடுங்கள். தண்ணீர் சுடுவதற்காவது உதவும். அதை எழுதியவருக்குத் தனி அறை இருந்திருக்கும், கதவு இருந்திருக்கும், அந்தக் கதவுக்குப் பின்னால் பிள்ளையைப் பார்க்க யாரோ இருந்திருப்பார்கள்.

முதலில் ஒரு கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. வாசிப்பது, வகுப்புக்குப் போவது, ஒப்படை எழுதுவது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் அதற்குள் அடக்கம். 24 கிரெடிட் என்றால் 1200 மணித்தியாலம். தீபாவளி, பொங்கல், தோட்டத்துத் திருவிழா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போகும் கிழமைகளைக் கழித்து வருடத்தில் 40 கிழமை படிக்கலாம் என்று வைத்தாலும், கிழமைக்கு 30 மணித்தியாலம் வேண்டும். பேராதனையில் ஹொஸ்டலில் இருந்துகொண்டு படிப்பைத் தவிர வேறு வேலை இல்லாத பிள்ளைக்கே வருடத்துக்கு 30 கிரெடிட்தான் அளவு. அதில் ஐந்தில் நாலு பங்கை நீங்கள் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு வேலையோடும் தலையில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒழுங்கு இல்லை என்று யார் சொன்னது? சுமைதான் அதிகம்.

ஆகவே பாதியைக் குறையுங்கள். 12 கிரெடிட் என்றால் 600 மணித்தியாலம், கிழமைக்கு 15. பட்டம் தள்ளிப்போகும். போகட்டும். சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கூட்டிக்கொள்ளலாம். பட்டத்தை அதிகபட்சம் எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி உங்கள் கைநூலில் இருக்கும். அதை வாசித்துவிட்டு ஹட்டன் நிலையத்தில் போய்ப் பேசுங்கள். வட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், ஆளுக்கொரு பதில் வரும்.

இந்த வருடம் பதிந்தவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இதற்கு மனதைக் கேட்காமல் தொடர் மதிப்பீட்டைப் பாருங்கள். ஒப்படைகளிலும் இடைப் பரீட்சைகளிலும் தகுதி பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒப்படை கொடுத்து நல்ல புள்ளி வந்திருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே கொடுக்காத பாடத்தை, எவ்வளவு விருப்பமான பாடமானாலும், அடுத்த வருடத்துக்கு விடுங்கள். எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்து எல்லாவற்றிலும் தகுதி இழக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் அப்படி மாட்டுவார்கள்.

இனி அந்த 15 மணித்தியாலம் எங்கிருந்து வரும்? ஒரு கொப்பியை எடுங்கள். இடதுபக்கம் மணி எழுதாமல் ஆட்களை எழுதுங்கள்: மாமி, வீட்டுக்காரர், பிள்ளைக்காம்பிரா, பக்கத்துக் காம்பிரா அக்கா. ஒவ்வொருவருக்கும் நேரே, அவர் கையில் பிள்ளைகள் எப்போது இருப்பார்கள் என்று எழுதுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை உங்கள் மடியில் இருக்கும் நேரத்தில் "படிப்பு" என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. அவள் வேறொருவர் கையில் இருக்கும் நேரம்தான் உங்கள் நேரம். உங்கள் அட்டவணை விழுந்ததற்குக் காரணம் இதுதான். அதில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள்.

பிள்ளைக்காம்பிராவிலிருந்து தொடங்குவோம். 12 மணிக்கு முன்பள்ளி முடிந்ததும் நேரே போய்ச் சின்னவளைக் கூட்டிவருகிறீர்கள். எதற்கு அவசரம்? மலைக்குப் போகும் தாய்மார் அந்திக்குத்தான் வந்து கூட்டிப்போகிறார்கள். பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கும் நேரம் வேறு. சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் சொல்லி அவளை ஒன்றரை வரை விட்டுவையுங்கள். நீங்கள் வீட்டுக்கு வராதீர்கள். வந்தால் கழுவாத பாத்திரம் கூப்பிடும், இஸ்தோப்பில் (வாசல் விறாந்தையில்) யாராவது உட்கார்ந்து கதை கேட்பார்கள். பிள்ளைகள் போனபின் முன்பள்ளியில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சின்ன மேசையிலேயே படியுங்கள். முழங்கால் இடிக்கும், பரவாயில்லை. மூத்தவன் ஸ்கூல் விட்டு வரும் நேரத்துக்கு நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். ஒன்றரை மணித்தியாலம், ஐந்து நாள்: ஏழரை வந்துவிட்டது. அதுவும் பகல் வெளிச்சத்தில், கண் சொக்காமல்.

நான் பேராதனையின் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்ததும் இப்படித்தான். ஸ்கூல் விட்டபின் வெறும் வகுப்பறையில் உட்கார்ந்துதான். டீச்சருக்கு வீடு வாசல் இல்லையா என்று வாட்சர் கேட்பார். இருக்கிறது, அதனால்தான் இங்கே இருக்கிறேன் என்பேன்.

அடுத்து வீட்டுக்காரர். கொழும்பில் இருப்பவரால் என்ன செய்ய முடியும் என்று நினைக்காதீர்கள். இரவு 7 மணிக்கு அவர் வீடியோ கோல் எடுக்கட்டும். எடுத்து உங்களோடு பேச வேண்டாம், மூத்தவனோடு பேசட்டும். அவன் தமிழ்ப் புத்தகத்தை உரத்து வாசிக்க வேண்டும், வாய்ப்பாடு சொல்ல வேண்டும், அப்பா திருத்த வேண்டும். முக்கால் மணித்தியாலம். அதே நேரம் மாமி டீவி பார்ப்பார், சின்னவள் அவர் மடியில் இருப்பாள். அந்த முக்கால் மணித்தியாலம் உங்களுடையது. ஐந்து நாளில் மூன்றே முக்கால். சிக்னல் இஸ்தோப்பு மூலையில் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் மகனுக்கு ஸ்வெட்டரைப் போட்டு அங்கே உட்கார வையுங்கள். நீங்கள் தரவிறக்க முடியாமல் கிடக்கும் பாடக்குறிப்புகளை அவர் கொழும்பில் எடுத்து, அச்சடித்து, வரும்போது கொண்டுவரலாம். மாதத்தில் அவர் வீட்டில் இருக்கும் ஒரு சனிக்கிழமை ஹட்டனுக்குச் சாமான் வாங்க எல்லோரும் சேர்ந்து போவது உங்கள் வழக்கமாக இருக்கும். அதை மாற்றுங்கள். பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் புத்தகத்தோடு போங்கள். டே ஸ்கூல் இருந்தால் வகுப்புக்கு, இல்லாவிட்டால் ஒரு நூலகத்துக்கு. ஆறு மணித்தியாலம் ஒரே மூச்சில் கிடைப்பது ஒப்படை எழுதுவதற்குத்தான் நல்லது, வாசிப்பதற்கு வீணாக்காதீர்கள்.

இனி மாமி. இந்த இடத்தில் நான் அவர் பக்கம் கொஞ்சம் நிற்கப் போகிறேன், கோபிக்க வேண்டாம். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று, காலில் அட்டை கடிக்க, கூடையைச் சுமந்து நிறுவைக்கு வந்து, அந்திக்கு வீடு சேருகிற மனுஷி அவர். வந்ததும் வராததுமாக "பிள்ளையைப் பிடிங்க, எனக்குப் படிக்கணும்" என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கால் கை கழுவி, சாயத்தண்ணி குடித்து, அரை மணித்தியாலம் சும்மா உட்கார விடுங்கள். அதற்குப் பிறகு கேளுங்கள். கேட்கும்போது ஒரே நேரத்தை, எல்லாக் கிழமையும் கேளுங்கள். "கொஞ்சம் பாத்துக்குங்க மாமி" என்று நினைத்த நேரமெல்லாம் சொல்வது அவருக்கு முடிவில்லாத வேலை. "ஞாயிறு ரெண்டு மணியிலருந்து அஞ்சு மணி வரைக்கும் மட்டும்" என்றால் அது அளவான வேலை. அஞ்சு மணிக்கு நீங்கள் எழும்பி வந்துவிட வேண்டும், பந்தி பாதியில் நின்றாலும். அந்த மூன்று மணித்தியாலத்தையும், மாதச் சனிக்கிழமையையும் சேர்த்தால் கிழமைக்கு 15 தாண்டிவிட்டது, பார்த்தீர்களா?

"என்னத்தக் கிழிக்கப் போற" என்று அவர் கேட்பது முழுக்கக் குத்தல் என்று எனக்குத் தோன்றவில்லை. மருமகள் படித்து டவுனுக்குப் போய்விட்டால் தன் கதி என்ன என்ற பயமும் அதற்குள் இருக்கும். அந்தப் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறதென்று ஒரு நாள் சொல்லிக் காட்டுங்கள். நீங்கள் படிக்கும் பாடங்களில் சமூகவியலோ வரலாறோ இருந்தால் இன்னும் நல்லது. நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும், அவர்களில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் உங்களுக்கு ஐந்து புள்ளிக் கேள்வி. அவர் வயதுக்காரர்களுக்கு அது தலைமன்னாரில் கப்பலேறிப் போன சித்தப்பா. யார் போனார்கள், யாருக்கு இங்கே பிரஜாவுரிமைப் பதிவு கிடைத்தது, கடிதம் எப்போது நின்றது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தன் பேச்சு ஒப்படைக்குள் போகிறது என்று தெரிந்தால், அதைக் கொடுக்கும் திகதியை அவரே ஞாபகப்படுத்துவார்.

மளிகைக் கடையில் தரும் பெரிய கலண்டர் ஒன்றை அடுப்படியில் மாட்டுங்கள். ஒப்படைத் திகதி, இடைப் பரீட்சை, சின்னவளின் கிளினிக் நாள், தோட்டத்துச் சம்பள நாள் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். அதோடு நம் மலையின் பருவத்தையும் குறியுங்கள். இதை எந்த யூடியூப்காரரும் சொல்லித் தரமாட்டார். உங்கள் பக்கத்தில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை கொழுந்து கொட்டும். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு (எடுத்த கொழுந்துக்கு உடனே காசு) ஆள் கூப்பிடுவார்கள், மாமி போவார், போகத்தான் வேண்டும். அந்த ஞாயிறுகள் உங்களுக்கு இல்லை என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அப்போதுதான் பக்கத்துக் காம்பிரா அக்கா தேவைப்படுவார். சும்மா கேட்காதீர்கள். அவர் பிள்ளை புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறது என்றால் நீங்கள் ஒரு மணித்தியாலம் பாடம் சொல்லிக்கொடுங்கள், அவர் சின்னவளைப் பார்க்கட்டும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேல் பருவமழை: உடுப்பு காயாது, பிள்ளைகளுக்குச் சளி, காற்றுக்குக் கரண்ட் போகும். அந்த மாதங்களில் பெரிய ஒப்படை எதையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். தோட்டத்துத் திருவிழாக் கிழமையில் ஒலிபெருக்கி கட்டியபின் ஒரு வரிகூட ஏறாது. அந்தக் கிழமை சந்தோஷமாகக் கோயிலுக்குப் போங்கள்.

வீட்டு வேலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அதை எனக்குக் கற்றுத்தரும் அளவுக்கு நீங்கள் செய்கிறீர்கள். வெள்ளை யூனிபோர்ம் மட்டும் ஒரு தனித் தொல்லை. மூத்தவனுக்கு மூன்றாவது செட் ஒன்று தைத்துவிடுங்கள். ஈர உடுப்பை அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டு, புகை மணம் போக மறுபடி அலசி, நடுச்சாமத்தில் அயன் பண்ணுவதை அது நிறுத்தும். காலையில் ரொட்டிக்கு மா இரவே பிசைந்து வைக்கலாம். சமையல் ஒரு நேரம் போதும். லயத்தில் சடங்கு, காதுகுத்து, பிறந்தநாள் என்று மாதத்துக்கு நாலு வரும். இழவு வீட்டுக்கு நீங்கள் போங்கள். மற்றதுக்கு மாமி போய்வரட்டும், அவருக்கும் ஒரு வெளிக்காற்று.

இரவு பத்தரைப் படிப்பை நிறுத்துங்கள். அது படிப்பே இல்லை. அதற்குப் பதிலாகப் பகலில் படித்ததை, ரொட்டி சுடும்போது புத்தகத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அதைத்தான் மறுநாள் மறுபடி வாசிக்க வேண்டும். மூன்று தடவை கோடு போட்டு வாசிப்பதைவிட இது நிற்கும். பக்கத்துக் காம்பிராவில் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படாதீர்கள். சுவர் மெல்லியது, அவர்களும் கொஞ்சம் படித்துக்கொள்ளட்டும்.

டீச்சர், நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். குழந்தைக்கு ஏழு மாதம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத விண்ணப்பித்திருக்கிறேன். வேலை நேரத்தில் பால் கொடுக்கப் போக விடுவதில்லை. மார்பு கட்டி, வலியோடு வீட்டுக்கு வந்தால் படிக்கத் தெம்பே இல்லை. கேட்டால் பிரச்சினை வருமா?
– வாசகி, மஸ்கெலியா

படிப்பைப் பிறகு பேசுவோம், முதலில் இது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இலிருந்து இருக்கிறது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை, வேலை நாளில் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும் என்று அது சொல்கிறது. வேலைத்தளத்தில் பிள்ளைக்காம்பிரா வசதி இருந்தால் ஒவ்வொரு தடவையும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டு இடைவேளையை இதில் கழிக்க முடியாது.

வாயால் கேட்காதீர்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியோடு ஒரு கடிதம் கொடுங்கள், இன்னொரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகாமல் சங்கத்துத் தலைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியும் மறுத்தால் தொழில் அலுவலகத்தில் அந்தக் கடிதப் பிரதியைக் காட்டி முறைப்பாடு செய்யலாம். உங்களைப் போல அங்கே இன்னும் இரண்டு தாய்மார் இருந்தால் மூன்று பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். அதற்குத் தனி எடை உண்டு.

உயர்தரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை மூன்று பாடத்தையும் சேர்த்து இழுக்காமல் ஒன்றை மட்டும் முடியுங்கள்.

என் மனைவி பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்கிறார். நான் லொறி ஓட்டுகிறேன், ஞாயிறு வீட்டில்தான். அவர் படிக்கட்டும் என்று டீவியை நிறுத்திவிடுகிறேன், பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறேன். அப்படியும் படிக்க முடியவில்லை என்கிறார். வேறு என்ன செய்வது?
– வாசகர், இராகலை

தம்பி, அந்த நல்ல மனதுக்கு முதலில் நன்றி. ஆனால் சின்ன வீட்டில் பிள்ளைகள் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தால், அந்த அமைதியே அம்மாவைப் படிக்க விடாது. ஏன் சத்தமில்லை என்று எழும்பி வந்து பார்ப்பார். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போங்கள். கிரவுண்டுக்கு, கோயிலுக்கு, அம்மம்மா வீட்டுக்கு. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் அந்திக்கு வாருங்கள். போகும்போது பால்மா எங்கே, தொப்பி எங்கே, மாற்றுடுப்பு எங்கே என்று அவரைக் கேட்காதீர்கள். தேடிக் கண்டுபிடியுங்கள், கொழும்பு வரைக்கும் வழி தெரிந்த உங்களுக்கு அலுமாரிக்கு வழி தெரியாதா?

டீச்சர், எனக்கு 19 வயது. ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். என் அம்மாவுக்கு 41. ஓ.எல்.லில் கணிதமும் தமிழும் தவறியதால் அப்போதே படிப்பை விட்டுவிட்டு மலைக்குப் போனவர். இப்போது மறுபடி எழுத ஆசைப்படுகிறார், ஆனால் வெட்கப்படுகிறார். இந்த வயதில் எழுத முடியுமா? எங்கே தொடங்குவது?
– வாசகி, லிந்துலை

எழுதலாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க 41 வயது தடையே இல்லை. தவறிய இரண்டு பாடத்துக்கு மட்டும் போட்டால் போதும். பாடத்திட்டம் அவர் படித்த காலத்திலிருந்து மாறியிருக்கிறது, அதனால் பழைய கொப்பிகளைத் தேடாதீர்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பாடப்புத்தகங்கள் இலவசமாக இருக்கின்றன, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. உங்கள் போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

கணிதத்தை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். தரம் 10 புத்தகத்தை எடுத்தவுடன் திறந்து பயமுறுத்தாமல், அவருக்கு ஏற்கெனவே கைவந்த கணக்கிலிருந்து தொடங்கலாம். கொழுந்து நிறுவை, கழிவு, சம்பளச் சீட்டில் ஈ.பீ.எஃப். பிடித்த வீதம்: இதில் தசமமும் சதவீதமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கணக்கப்பிள்ளை அரைக் கிலோ குறைத்து எழுதினால் கண்டுபிடிக்கிறவருக்கு வீதக் கணக்கு வராதா என்ன? அட்சரகணிதத்துக்குத்தான் நேரம் எடுக்கும். தமிழுக்குக் கட்டுரை எழுதிப் பழகவேண்டும். கிழமைக்கு ஒன்று எழுதட்டும், எழுத்துப் பிழைக்குச் சிரிக்காமல் திருத்துங்கள். அவர் படிக்கும் நேரத்தில் சமையல் உங்களுடையது, அதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

வெட்கத்துக்கு ஒரு வழி: லயத்தில் யாருக்கும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். பரீட்சை நிலையத்தில் அவர் வயதில் இன்னும் சிலர் இருப்பார்கள்.

விண்ணப்பத்துக்கு முன் இன்றே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அம்மாவின் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பழைய ஓ.எல். பெறுபேற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒன்றில் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி, மூன்றாவதில் அப்பா பெயரே முன்னால் என்று இருப்பது சர்வசாதாரணம். அப்படி இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் பேசி, பிரதேச செயலகத்தில் திருத்தும் வேலையை இப்போதே தொடங்குங்கள். அதற்கு மாதக்கணக்கில் எடுக்கும், பரீட்சைத் திணைக்களம் அதுவரை காத்திருக்காது.